எண்ணுவதும் அன்புப் பணியே

(நமது பங்கின் பொன்விழாவை முன்னிட்டு, வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் கூட்டிய மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை நிகழ்த்திய உரை)



விழா ஆண்டு என்றாலே கணக்குப் பார்க்கும் ஆண்டு. இந்த ஐம்பது ஆண்டுகளில் நம் பங்கில் எத்தனை ஞானஸ்நானம், எத்தனை திருமணம், எத்தனை அடக்கம் என்று விழாக் குழுவினர் பழைய பதிவேடுகளைப் புரட்டிக் கொண்டிருக்கிறார்கள். அந்த எண்களைக் கேட்டு நாம் மகிழ்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் எண்ணுவதிலும் இரண்டு வகை உண்டு என்று வேதாகமம் நமக்குக் கற்பிக்கிறது. இன்று மாலை அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறோம்.

முதல் வகை, தாவீது அரசர் எடுத்த கணக்கு. படைத்தலைவன் யோவாபு வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், நாடு முழுவதும் ஆள் அனுப்பி, வாளேந்தத் தக்க ஆண்கள் எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னார். எண்ணி முடிக்க ஒன்பது மாதமும் இருபது நாளும் ஆயின. எண் கைக்கு வந்ததும் அரசரின் மனச்சாட்சி அவரைக் குத்தியது. அதன்பின் மூன்று நாள் கொள்ளைநோய் அந்த நாட்டை வாட்டியது என்று சாமுவேல் ஆகமம் கூறுகிறது. எண்ணுவதே பாவமா? இல்லை. தம் மக்களில் யார் பசித்திருக்கிறார், யார் நோயுற்றிருக்கிறார் என்று அறிவதற்காக அவர் எண்ணவில்லை. தம் பலத்தை அளந்து பார்ப்பதற்காக எண்ணினார்.

இரண்டாம் வகை, நம் ஆண்டவர் சொன்ன உவமையில் வரும் ஆயன் எடுத்த கணக்கு. நூறு ஆடுகளில் ஒன்று காணாமற் போயிற்று. அவன் தேடிப் போனான். இந்த உவமையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஒன்று காணாமற் போனது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்திருக்கிறோமா? பட்டி வாசலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணியதால்தான் தெரிந்தது. எண்ணாத ஆயனுக்குத் தொண்ணூற்றொன்பதும் நூறும் ஒன்றே. தேடிப் போவதற்கு முதற்படி எண்ணிப் பார்ப்பது.

இந்த இரண்டு கணக்கும் ஒரே நகரில், ஒரே நோயின் பேரில், ஏறத்தாழ ஒரே மாதத்தில் எடுக்கப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அது நடந்தது நம் நாட்டில் அன்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், 1924-ம் ஆண்டில். அந்த வரலாற்றில் நம்மைப் போன்ற ஒரு கத்தோலிக்கக் குருவும் வருகிறார். ஆகையால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

மருந்தில்லாத காலம்

முதல் உலகப் போர் 1918-ல் முடிந்தது. இரண்டாவது 1939-ல் தொடங்கியது. இடைப்பட்ட அந்த இருபது ஆண்டுகளில், இன்று நாம் சாதாரணமாக வாங்கி விழுங்கும் நோய்க்கிருமிக் கொல்லிகள் கிடையா. பெனிசிலின் நோயாளிகளின் கைக்கு வந்தது 1940-களில்தான். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல். காசநோய்க்கோ பிளேக் நோய்க்கோ நம்பிக் கொடுக்கத்தக்க மருந்து எந்த மருத்துவரின் பையிலும் இல்லை.

அப்படியானால் நகரச் சுகாதார அதிகாரிகள் என்னதான் செய்தார்கள்? எண்ணினார்கள். தொற்றுநோயைக் கண்ட மருத்துவர் அதை நகர அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று பல நாடுகளில் சட்டம் இருந்தது. அறிவிப்பு வந்ததும் பெயர், வயது, தெரு, வீட்டு எண் ஆகியவை பதிவேட்டில் ஏறும். பிறகு ஒருவர் அந்த வீட்டுக்கு நடந்து போவார். நோயாளி எப்போது படுத்தார், யார் பக்கத்தில் இருந்தார், யார் வந்து போனார் என்று விசாரிப்பார். இன்னொரு வீட்டின் பெயர் வரும், அங்கும் நடப்பார். இப்படி நூல் பிடித்தாற்போல் போய், நோய் அடுத்து எந்த வீட்டுக் கதவைத் தட்டப் போகிறதோ அந்த வீட்டை நோய்க்கு முன்னால் சென்றடைய வேண்டும். நோட்டுப் புத்தகமும் இரண்டு கால்களுமே அந்தக் காலத்து மருந்து.

சம்மனசுகளின் இராக்கினியின் நகரம்

லாஸ் ஏஞ்சல்ஸ் என்றால் சம்மனசுகள் என்று பொருள். சம்மனசுகளின் இராக்கினியாகிய நம் தேவமாதாவின் பெயரால் 1781-ல் ஸ்பானியர் அமைத்த குடியிருப்பு அது. அந்த இராக்கினியின் பெயரைத் தாங்கிய பழைய கோயில் 1822-ல் அபிஷேகம் செய்யப்பட்டு, நகரின் பழைய சதுக்கத்தின் ஓரத்தில் இன்றும் நிற்கிறது. கிளரேசியன் சபைக் குருக்கள் நீண்ட காலமாக அங்கே பணிபுரிந்தார்கள்.

1920-ல் அந்நகரின் மக்கள் தொகை ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பத்தே ஆண்டுகளில், 1930-ல், பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியது. எண்ணெய்க் கிணறுகள், ஆரஞ்சுத் தோட்டங்கள், சினிமாக் கொட்டகைகள் என்று ஊர் வளர்ந்தது. வளருகிற ஊருக்குக் கூலியாட்கள் வேண்டும். மெக்சிக்கோ நாட்டில் 1910-ல் தொடங்கிய புரட்சியின் அல்லலுக்குத் தப்பியும், வயிற்றுப் பிழைப்பைத் தேடியும் வந்த மக்கள் அந்த வேலைகளைச் செய்தார்கள். இருப்புப்பாதை போட்டார்கள், செங்கல் அறுத்தார்கள், ஓட்டல்களில் பாத்திரம் துலக்கினார்கள். இரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் அருகில் மேசி தெரு வட்டாரத்தில் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். அந்த மேசி தெருவுக்கு இன்று சேசர் சாவேஸ் என்னும் தொழிலாளர் தலைவரின் பெயர். அன்றோ அங்கே மரப்பலகை வீடுகள், ஒரு வீட்டில் பல குடும்பங்கள், தரைக்கடியில் எலிகள். அவர்கள் அனைவரும் கத்தோலிக்கக் குடும்பங்கள் என்றே சொல்லலாம். மேற்சொன்ன தேவமாதா கோயில்தான் அவர்களுக்கு அருகில் இருந்த ஆலயம்.

ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு

பிளேக் என்பது முதலில் எலிகளின் நோய். அதன் கிருமியை 1894-ல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் எர்சின் கண்டுபிடித்தார். எலியிடமிருந்து மனிதனுக்கு அதைக் கொண்டு வருவது தெள்ளுப்பூச்சி என்பதை 1898-ல் அன்றைய இந்தியாவின் கராச்சி நகரில் போல் லூயி சிமோன் காட்டினார். பூச்சி கடித்தால் தொடைச் சந்திலோ அக்குளிலோ நெறி கட்டும். இது ஒரு வகை. கிருமி நுரையீரலைத் தாக்கிவிட்டால் அது வேறு வகை. அப்போது எலியும் வேண்டாம், பூச்சியும் வேண்டாம். நோயாளியின் இருமலே போதும். மருந்தில்லாத காலத்தில் இவ்வகை கண்டவர் பிழைப்பது அரிதிலும் அரிது. 1910-லும் 1911-லும் மஞ்சூரியாவில் இது ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்டு போயிற்று.

1924-ம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில், மேசி தெரு வட்டாரத்தில் கிளாரா தெருவில் ஒரு கூலித் தொழிலாளிக்கு நெறி கட்டியது. வீட்டுக்கடியிலிருந்து துர்நாற்றம் வந்ததால் தேடிப் பார்த்து, செத்த எலி ஒன்றை அவர் கையால் எடுத்தெறிந்தார் என்று பிற்பாடு தெரியவந்தது. அவருடைய மகள், பதினைந்து வயதுப் பெண், நுரையீரல் நோய் கண்டு சில நாட்களில் இறந்தாள். மருத்துவர் அதைச் சாதாரண நிமோனியா என்றார். அவளுக்குப் பணிவிடை செய்தவர் அதே தெருவில் விடுதி நடத்திய அம்மையார், அப்போது கர்ப்பிணி. அவர் அக்டோபர் 19-ம் நாள் இறந்தார். அதற்கும் வேறொரு காரணம் எழுதப்பட்டது. ஊர் வழக்கப்படி உறவினரும் அண்டை வீட்டாரும் கூடி இரவெல்லாம் கண்விழித்துச் செபித்தார்கள். அவரைப் பராமரித்த கணவரும் படுத்தார். அக்டோபர் 26-ம் நாள் அவரும் போனார். அதன்பின் அந்த வீட்டுப் பிள்ளைகள், உறவினர், விடுதியில் தங்கியிருந்தோர் என்று ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள்.

அன்பானவர்களே! இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் பாருங்கள். அண்டை வீட்டுப் பெண்ணுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர். துக்கம் விசாரிக்க வந்தவர். இவர்களில் யாரும் தீமை செய்து நோய் வாங்கவில்லை. அன்பு செலுத்திய வழியாகவே நோய் அவர்களை அடைந்தது. தொற்றுநோய் கண்டவரைக் குற்றவாளியைப் போல் பார்க்கும் நம் கண்களுக்கு இது ஒரு நல்ல பாடம்.

அருள்தந்தை மெதார்தோ புருவால்யா

அந்தக் கணவர் மரணப் படுக்கையில் கிடந்தபோது தேவமாதா கோயிலுக்கு ஆள் வந்தது. அருள்தந்தை மெதார்தோ புருவால்யா புறப்பட்டுப் போனார். அவஸ்தைப்பூசுதல் கேட்டு அழைப்பு வந்தால், மழையோ நள்ளிரவோ, குரு போக வேண்டும் என்று குருமடத்தில் நமக்குக் கற்பித்தார்கள்; அவருக்கும் அப்படியே கற்பித்திருப்பார்கள். போனார், குனிந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு எவ்வளவு நெருங்கி அமர வேண்டுமோ அவ்வளவு நெருங்கி அமர்ந்தார். அது பிளேக் என்று அந்நேரம் அவருக்குத் தெரியாது, மருத்துவருக்கே தெரியாது. சில நாட்களில் அவரும் படுத்தார். சகல ஆத்துமாக்களின் திருநாளை ஒட்டிய நாட்களில், நவம்பர் தொடக்கத்தில், அவர் இறந்தார். நோயாளிகளை ஏற்றிச் சென்ற வண்டியின் ஓட்டுநரும் இறந்தார். நோயாளியைக் கவனித்த தாதி ஒருவர் படுத்துப் பிழைத்தெழுந்தார். அந்த விடுதி வீட்டுப் பிள்ளைகளில் ஒரு சிறுவன் பிழைத்தான்.

குரு இறந்ததை நாம் வீரமரணம் என்று போற்றுவது எளிது, போற்றவும் வேண்டும். ஆனால் இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுகாதார அதிகாரிகளின் பட்டியலில் அவர் பெயரும் ஒரு வரி. அந்த வீட்டுக்குப் போனவர், ஆகவே நோய் தொற்றியிருக்கக் கூடியவர், ஆகவே அவரைச் சந்தித்தவர்களையும் விசாரிக்க வேண்டும் என்ற கணக்கில் அவரும் அடக்கம். அந்தப் பட்டியலில் குருவென்றும் கூலியென்றும் வேறுபாடு இல்லை. இருக்கவும் கூடாது. திருப்பட்டம் பெற்ற கைகள் நோய்க்கிருமிக்கு விலக்குப் பெற்ற கைகள் அல்ல. இதை நாம் மறந்துவிட்டால், ஆறுதல் கொண்டு போகிறோம் என்று நோயைக் கொண்டு போவோம்.

ஆயனின் கணக்கு

அக்டோபர் கடைசி நாட்களில் நகர மருத்துவமனையில் ஒரு பிரேதப் பரிசோதனை நடந்தது. நுண்பெருக்கியின் கீழ் பிளேக் கிருமி தெரிந்தது. அன்றிலிருந்து கேள்வி மாறியது. இவர் எதனால் இறந்தார் என்று கேட்பதோடு நிற்காமல், கிளாரா தெருவின் அந்த வீட்டுக்கு யார் யார் போனார்கள் என்று கேட்டார்கள். மாநிலச் சுகாதாரக் குழுவின் செயலாளர் டாக்டர் வால்ட்டர் டிக்கி பொறுப்பை ஏற்றார். துக்கத்துக்கு வந்தவர், கூடத் தங்கியவர், உறவுமுறையார் எல்லாரையும் பட்டியலிட்டார்கள். வேறு வட்டாரத்தில் படுத்திருந்தவர்களை விசாரித்தால், அவர்களும் அந்த வீட்டுக்குப் போய் வந்த சொந்தக்காரர்களாக இருந்தார்கள். சிதறிக் கிடந்த மரணங்கள் எல்லாம் ஒரே வீட்டு வாசலில் வந்து சேர்ந்தன.

மேசி தெரு வட்டாரத்தைச் சுற்றிக் கயிறு கட்டிக் காவல் போட்டார்கள். உள்ளே ஏறத்தாழ 2000 பேர். தாதிகளும் மருத்துவர்களும் தினந்தோறும் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று பார்த்தார்கள். வேலைக்குப் போக முடியாத குடும்பங்களுக்கு உணவும் பாலும் கொண்டு போய்க் கொடுக்கப்பட்டன. மேசி தெருப் பள்ளியின் தலைமையாசிரியை நோரா ஸ்டெரி என்பவர், வெளியில் நிற்க மனமில்லாமல் காவலைக் கடந்து உள்ளே போய், தம் பிள்ளைகளின் குடும்பங்களோடு தங்கி உதவினார். பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த ஒருவர் கதவைத் தட்டினால் கதவு திறக்கும் என்பதை நாம் அறிவோம்.

பலன் என்ன? நவம்பர் மாத நடுவில் காவல் எடுக்கப்பட்டது. மஞ்சூரியாவில் அறுபதாயிரம் பேரை விழுங்கிய அதே வகை நோய், வேகமாகப் பெருகிவந்த இந்தப் பெருநகரில் முப்பதுக்குச் சற்று அதிகமான உயிர்களோடு நின்றது. மருந்து கொண்டு நிறுத்தியதாகச் சொல்வதற்கில்லை. யார் யாரைச் சந்தித்தார் என்று பொறுமையாகக் கேட்டு, எழுதி, பின்தொடர்ந்து போனார்கள்; அதனாலேயே நின்றது. பட்டி வாசலில் நின்று எண்ணிய ஆயனின் கணக்கு இதுதான்.

தாவீதின் கணக்கு

ஆனால் அதே நகரம் வேறொரு கணக்கையும் போட்டது. நோய் என்னவென்று தெரிந்த பிறகும் உள்ளூர்ப் பத்திரிகைகள் சில நாட்கள் பிளேக் என்ற சொல்லை அச்சிடத் தயங்கி, கொடிய நிமோனியா என்றே எழுதின. துறைமுக வணிகம் கெடும், சுற்றுலாப் பயணிகள் வரமாட்டார்கள், நிலத்தின் விலை சரியும் என்ற அச்சம். இதற்கு முன் 1900-ல் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிளேக் வந்தபோதும், அப்படி ஒன்றுமில்லை என்று மாநில ஆளுநரே மறுத்துக் கொண்டிருந்தார். எத்தனை பேர் செத்தார்கள் என்பதைவிட எவ்வளவு நட்டம் வரும் என்பதை எண்ணியது இந்தக் கணக்கு.

அதைவிட வருந்தத்தக்கது ஒன்று உண்டு. அந்த வீட்டுக்குப் போனவர் யார் என்று கேட்ட இடத்தில், மெக்சிக்கர் யார் என்று பலர் கேட்கத் தொடங்கினார்கள். நோயாளியைக் கண்ணாலும் காணாத மெக்சிக்கத் தொழிலாளரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்த மக்கள் என்றாலே அழுக்கு, அழுக்கு என்றாலே நோய் என்று பேசினார்கள். எலிகளை ஒழிக்கும் இயக்கத்தில் ஏழைகளின் குடிசைகளும் கொட்டகைகளும் இடிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. பல்லாயிரம் எலிகள் கொல்லப்பட்டன. அது தேவையான வேலைதான். ஆனால் அந்த வீடுகளில் எலி குடியேறியது குடியிருந்தவரின் குற்றமா? குறைந்த கூலி கொடுத்தவர்களுக்கும், அத்தகைய வீட்டுக்கு வாடகை வாங்கியவர்களுக்கும், சாக்கடை கட்டாத நகரத்துக்கும் அதில் பங்கில்லையா?

இந்தக் கணக்கு அநியாயமானது மட்டுமல்ல, உதவாததும்கூட. எலிக்குச் சாதி தெரியாது. கிருமிக்கு மொழி தெரியாது. ஓர் இனத்தையே வேலி போட்டு அடைத்தவர், வேலிக்கு வெளியே நோய் இல்லை என்று நிம்மதியாக உறங்கிவிடுவார். உள்ளே இருப்பவரோ, உண்மையைச் சொன்னால் வேலை போகும், வீடு போகும் என்று அஞ்சிக் காய்ச்சலை மறைப்பார். மறைத்த காய்ச்சலை எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. நம் நாட்டிலேயே 1897-ல் புனே நகரில் பிளேக் வந்தபோது, அரசு படைவீரரை அனுப்பி வீடு வீடாகச் சோதனை போட்டது. அடுப்பங்கரை வரை அந்நியர் நுழைந்ததைக் கண்டு மக்கள் கொதித்தார்கள்; அந்தப் பணிக்குத் தலைவராயிருந்த அதிகாரியே அவ்வாண்டு சுடப்பட்டார். நம்பிக்கை இல்லாத இடத்தில் கணக்கெடுப்பு ஒரு படையெடுப்பாகி விடுகிறது.

திருச்சபை கற்றுக்கொண்ட வழி

நோய் வந்த இடத்துக்கு ஓடிப் போவதும், நோய் பரவாமல் ஒதுங்கி இருப்பதும் ஒன்றுக்கொன்று பகையா? இல்லை என்பதற்குத் திருச்சபையின் வரலாறே சாட்சி. ரோமாபுரியில் நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து பணிவிடை செய்து 1591-ல் தம் இருபத்து மூன்றாம் வயதில் உயிர்விட்ட அர்ச். ஞானப்பிரகாசியாரை நாம் அறிவோம். 1576-ல் மிலான் நகரில் கொள்ளைநோய் வந்தபோது அங்கே பேராயராயிருந்த அர்ச். சார்லஸ் பொரோமெயுவையும் அறிவோம். மக்கள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று கட்டளை பிறந்தபோது, அவர் தெருமுனைகளில் பீடங்களை அமைக்கச் செய்தார். அவரவர் சன்னல் அருகே நின்றே மக்கள் திருப்பலி கண்டார்கள். ஒதுங்கியிருந்தவரை அவர் கைவிடவில்லை. கைவிடாமலிருப்பதற்காகக் கட்டளையை மீறச் சொல்லவும் இல்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில்தான் அன்பு முழுமை பெறுகிறது. நம் அர்ச். செபஸ்தியாரின் அம்பு பவனியில் நடக்கும்போது இதையும் நினைத்துக் கொண்டு நடப்போமாக.

நம் பங்கில்

இது தூரத்து ஊரின் நூறாண்டுக் கதைதானே என்று யாரும் எண்ண வேண்டாம். 2020-ல் கொரோனா வந்தபோது நம் தமிழ்நாட்டுத் தெருக்களில் நோய் கண்டவர் வீட்டு வாசலில் தகரம் அடித்ததைப் பார்த்தோம். அடைத்த வீட்டுக்குள் அரிசி இருக்கிறதா என்று விசாரித்தவர்களையும் பார்த்தோம். அந்த வீட்டுப் பக்கம் திரும்பாமல் முகத்தைத் திருப்பிக் கொண்டவர்களையும் பார்த்தோம். வீடு வீடாக வந்து காய்ச்சல் பார்த்த சகோதரிகளை ஏசித் துரத்தியவர்களும் உண்டு, ஒரு செம்பு மோர் கொடுத்து அனுப்பியவர்களும் உண்டு. எந்தப் பக்கம் நாம் நின்றோம் என்று அவரவர் மனச்சாட்சியைக் கேட்டுக் கொள்வோம்.

கொரோனாவின் அச்சம் தணிந்துவிட்டது. ஆனால் காசநோய் நம்மைவிட்டுப் போகவில்லை. அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் இல்லாதது இன்று நம்மிடம் இருக்கிறது, மருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். காசநோயாளி எவரையும் மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று 2012 முதல் விதியும் இருக்கிறது. இருந்தும் மக்கள் ஏன் மறைக்கிறார்கள்? மகளின் கலியாணம் நின்றுபோகும், வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்வார், தண்ணீர்க் குழாயடியில் முகம் சுளிப்பார்கள் என்ற பயம்தான். மாத்திரையை ஒளித்து வைத்து விழுங்குகிறார்கள். கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடுகிறார்கள். நோய் மீண்டும் வருகிறது. அப்போது பழைய மருந்துக்கு அது அடங்காமல் போகவும் கூடும். அந்தப் பயத்தை உண்டாக்குவது கிருமி அல்ல, நாம். ஆகவே அதை நீக்கும் கடமையும் நம்முடையதே.

இந்தப் பொன்விழாவின் நினைவாகக் கொடிமரம் வேண்டும், கெபியைப் புதுப்பிக்க வேண்டும், ஆலய முகப்புக்கு வர்ணம் பூச வேண்டும் என்று பலரும் சொன்னீர்கள். நல்லது, செய்வோம். அவற்றோடு மூன்று காரியங்களை உங்களிடம் கேட்டுக் கொள்கிறோம்.

முதலாவது, வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் வாரந்தோறும் வீடு சந்திக்கும்போது, செபம் சொல்லிவிட்டுத் திரும்பாமல், வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா என்று அன்பாக விசாரியுங்கள். இருந்தால் மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். தனியாகப் போகப் பயப்படுகிறவர், துணைக்கு ஆள் இருந்தால் போவார்.

இரண்டாவது, அறிந்ததை ஊர்ப் பேச்சாக்காதீர்கள். நோயாளியின் பெயர் மருத்துவருக்கும், கூடப்போகும் ஒருவருக்கும் தெரிந்தால் போதும். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் இரகசியத்தை மதிக்கிற மக்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கிணற்றடியில் ஒரு பெயர் அவிழ்ந்தால், பத்து வீடுகளில் கதவு அடைபடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, நோய் கண்டவர் மறைக்காதிருங்கள். உங்களால் நம் பங்குக்கு அவமானம் இல்லை. நீங்கள் மருந்து சாப்பிடும் ஆறு மாதமும் உங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது இந்தப் பங்கின் பொறுப்பு. கூலி இழக்கும் குடும்பத்துக்கு முட்டையும் பருப்பும் வாங்க, ஏழைகள் உண்டியலிலிருந்து தருவதற்குப் பங்குப் பேரவை இசைந்திருக்கிறது. கணக்கெடுக்க வருகிறவர் கையில் நோட்டு மட்டும் இருந்தால் போதாது, சோறும் இருக்க வேண்டும் என்று மேசி தெரு நமக்குக் கற்பித்திருக்கிறது.

அன்பானவர்களே! இறுதித் தீர்வை நாளைப் பற்றி நம் ஆண்டவர் பேசும்போது, நோயுற்றவரைச் சந்தித்தவரெல்லாம் தம்மையே சந்தித்ததாக ஏற்றுக்கொள்வதாய் வாக்களிக்கிறார். அன்று அவர் கையில் இருக்கும் பதிவேட்டில், நம் பங்கில் எத்தனை குடும்பங்கள் இருந்தன என்பதோடு, எத்தனை கதவுகளை நாம் தட்டினோம் என்பதும் எழுதப்பட்டிருக்கும். அருள்தந்தை புருவால்யாவுக்கும், மேசி தெருவில் இறந்த அந்த ஏழை மக்களுக்கும் நித்திய இளைப்பாற்றி கிடைக்க மன்றாடுவோம். நம்மில் நோயுற்றோர் அனைவரையும் ஆரோக்கிய மாதாவின் கரங்களில் ஒப்படைப்போம். தொண்ணூற்றொன்பது பேர் சுகமாயிருக்கிறார்கள் என்று திருப்தியடையாமல், குறைந்துபோன அந்த ஒருவரைத் தேடிப்போகும் பங்காக நம் பங்கை ஆண்டவர் இன்னும் ஐம்பது ஆண்டுகள் நடத்துவாராக.

பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் ஆசீர் உங்கள் எல்லார் மேலும், உங்கள் இல்லங்களின் மேலும் இறங்குவதாக. ஆமென்.